சிட்டுவை வெளியே விட்ட கோடை

ஆஸ்பத்திரியில் அவரை எல்லோரும் ‘எக்ஸ்ரே அண்ணன்’ என்றுதான் கூப்பிடுவார்கள். பதினெட்டு வருடமாகத் தரைத்தளத்தில், ஜன்னலே இல்லாத ஓர் அறையில், ஊர்க்காரர்களின் எலும்புகளைப் படம் பிடிப்பது அவர் வேலை. “மூச்சை இழுத்துப் பிடிங்க. ஆடாதீங்க. ம், விடுங்க.” இதை ஒரு நாளைக்கு எண்பது தடவையாவது சொல்லிவிடுவார். அதைத் தவிர வாயைத் திறப்பது குறைவு.

பயந்தாங்கொள்ளி என்று அவரைச் சொல்லிவிட முடியாது. கரண்டு போன பிணவறைக்குள் ஒற்றை டார்ச்சோடு போய்விட்டு, ஒன்றும் நடக்காததுபோல வந்து டீ குடித்தவர் அவர். அவருடைய பயமெல்லாம் ஒரே ஓர் ஆளைப் பற்றியது. அந்த ஆளுக்கு வயது எட்டு. பிறந்தபோது உள்ளங்கை அளவுக்கு இருந்ததால் சிட்டு என்று கூப்பிட்டார்கள், அப்படியே நிலைத்துவிட்டது.

கோடை விடுமுறை தொடங்கிவிட்டால் எக்ஸ்ரே அறை வாசலில் பிள்ளைகள் கூட்டம் நெரியும். மதில் ஏறி விழுந்த முழங்கை, ஊஞ்சலிலிருந்து தெறித்த தோள்பட்டை, சைக்கிள் சக்கரத்தில் மாட்டிய கணுக்கால். “உங்களுக்கு சீசன் ஆரம்பிச்சிடுச்சுண்ணே” என்று நர்ஸுகள் சிரிப்பார்கள். அவர் சிரிக்கமாட்டார். சிட்டு பிறந்த வருடம், பத்து வயதுப் பெண் ஒருத்தியை ஸ்ட்ரெச்சரில் கொண்டுவந்தார்கள். பந்தைத் துரத்திப்போய் மொட்டைமாடியிலிருந்து விழுந்திருந்தாள். கழுத்தைச் சுற்றிப் பட்டை. இவர் வழக்கம்போல “ஆடாதேம்மா” என்றார். அந்தப் பெண் கண்ணை மட்டும் திருப்பி, “நான் ஆடலை அங்கிள். ஆட முடியலை” என்றாள்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போதே ஒரு வெல்டரைக் கையோடு கூட்டிப்போனார். மூன்றாவது மாடியில் அவர்கள் வீட்டு பால்கனிக்கு அடியிலிருந்து உச்சிவரை கம்பி போட்டாகிவிட்டது. தொட்டிலில் கிடந்த சிட்டுவுக்கு அப்போது மூன்று மாதம்.

அதற்குப் பிறகு கம்பியும் பூட்டும் கூடிக்கொண்டுதான் போயின. சிட்டு வேனில் பள்ளிக்கூடம் போவாள், வேனில் திரும்புவாள். விளையாட்டு வகுப்பில் அவளை உட்கார வைக்கும்படி அப்பா கைப்பட எழுதிய கடிதம் டீச்சரின் மேசை டிராயரில் இருந்தது. விடுமுறையில் டி.வி., படம் வரையும் நோட்டு, தரையில் பரப்பிய பிளாஸ்டிக் வீடுகள். வெயில் உள்ளே வந்தால் சூடு தாங்காது என்று ஜன்னல் திரைகூட எப்போதும் இழுத்தே கிடக்கும்.

அவருடைய மனைவி பஸ் கண்டக்டர். காலை ஐந்து மணிக்கு டிப்போவுக்குப் போய், நூறு பேர் நெருக்கியடிக்கும் பஸ்ஸில் “உள்ளே போ, உள்ளே போ” என்று கத்திக் கத்தித் தொண்டை கட்டி வருகிறவள். வீட்டில் பேசினாலே பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். “ஏங்க, நாம புள்ளையைப் பெத்தோமா, பீங்கான் ஜாடி வாங்கினோமா?” என்பாள். அவர் பாட்டுக்கு எழுந்துபோய் ஜன்னல் திரையைச் சரியாக இழுத்துவிடுவார். எட்டு மணி நேரம் நின்றே வேலை பார்த்துவிட்டு வருகிறவளுக்கு அதற்குமேல் மல்லுக்கட்டத் தெம்பும் இருக்காது.

சிட்டு மூன்றாம் வகுப்பு முடிக்கப் போகும் சமயத்தில் கால் வலிக்கிறது என்றாள். முதலில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு மாடிப்படியில் பாதியிலேயே உட்கார ஆரம்பித்தாள். ஒருநாள் அவளைக் குளிப்பாட்டும்போது மனைவி கூர்ந்து பார்த்துவிட்டு, “இவ கால் ரெண்டும் வெளிப்பக்கமா வளைஞ்ச மாதிரி இல்லை?” என்று கேட்டாள். மறுநாளே அவளைக் கூட்டிக்கொண்டு போனார்.

அவருடைய ஆஸ்பத்திரியிலேயே குழந்தைகள் டாக்டரம்மா பார்த்தார். முழங்காலைத் தடவினார், மணிக்கட்டை அமுக்கினார், எக்ஸ்ரேவுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். “நீங்களே எடுத்துட்டு வந்திடுங்க.”

மகளை மேசையருகே உட்கார வைத்து, கையைத் தகட்டின்மேல் விரித்து வைத்தார். கனமான ஈய அங்கியை அவள் மடியில் போர்த்தினார். “ஆடாதேம்மா” என்று சொல்ல வாயெடுத்தார், தேவையிருக்கவில்லை. சிட்டு தானாகவே ஆடாமல் உட்கார்ந்திருந்தாள். அதுதான் அவளுக்கு நன்றாகத் தெரிந்த வேலையாயிற்றே.

கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் திரையில் படம் வந்தது. வளரும் பிள்ளையின் எலும்பு முனை கத்தியால் வெட்டியதுபோல நேர்கோடாக இருக்க வேண்டும். ஆயிரக்கணக்கில் பார்த்தவர் அவர். சிட்டுவின் எலும்பு முனை பழைய துடைப்பத்தின் நுனிபோலச் சிலும்பி, நடுவில் குழிந்து கிடந்தது. டாக்டரம்மா வாயைத் திறக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. எலும்பு இறுகவில்லை, மெழுகு மாதிரி இளகிக் கிடக்கிறது. வெயில் படாத பிள்ளைக்கு வருவது. அவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். காதுக்குள் கொசு ரீங்காரம் போல ஒரு சத்தம். எந்த எலும்பு உடையக்கூடாதென்று எட்டு வருடம் பொத்திப் பொத்தி வைத்தாரோ, அதைத் தன் கையாலேயே உளுத்துப்போக வைத்துவிட்டார்.

டாக்டரம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவருக்கு.

“மருந்து கொடுக்கிறேன். நாலு வாரம் நல்லா வெயில்ல நடக்கட்டும், ஓட வேணாம். லீவு விடறதுக்குள்ள வலி நின்னுடும். அப்புறம் வெளியே விடுங்க. ஓடட்டும், குதிக்கட்டும், மண்ணுல உருளட்டும். எலும்புக்கு வேலை கொடுத்தாத்தான் அது எலும்பாகும்.”

“இந்த எலும்பை வெச்சுக்கிட்டா மேடம்? விழுந்தா முருங்கைக் கொம்பு மாதிரி ஒடிஞ்சிடுமே.”

“லீவுலயும் வீட்டுக்குள்ளயே வெச்சிருந்தீங்கன்னா நான் கொடுக்கிற மருந்தெல்லாம் ஓட்டைப் பானையில ஊத்தின தண்ணிதான். உங்களுக்கே தெரியும். படத்தை நீங்கதானே எடுத்தீங்க?”

நாலு வாரம் மருந்து கொடுத்து, கையைப் பிடித்தபடி மொட்டைமாடி வெயிலில் நடக்க வைத்தார்கள். வலி குறைந்தது. விடுமுறை வந்தது. அவர் சேர்த்து வைத்திருந்த லீவில் ஒரு மாதம் எழுதிக் கொடுத்தார். பதினெட்டு வருடத்தில் இவ்வளவு லீவு அவர் எடுத்ததே இல்லை.

முதல் நாள் காலை பத்து மணிக்குக் கதவைத் திறந்தார். நான்கு கட்டடங்களுக்கு நடுவே ஒரு மண் தரை. ஓரத்தில் சைக்கிள் கொட்டகை, தண்ணீர் மோட்டார் அறை, அதையொட்டிப் பெரிய பெரிய இலைகளோடு ஒரு வாதாமரம். பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தார்கள். கடைசிப் படிவரை வந்த சிட்டு அதற்குமேல் காலை எடுத்து வைக்கவில்லை. அவர் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

“மண்ணுல ஆணி கிடக்குமாப்பா?”

“கிடக்காது.”

“அவங்க மோதி நான் விழுந்தா மண்டை உடையுமா? உடைஞ்சா தையல் போடுவாங்கதானே? ஊசி இல்லாம போட மாட்டாங்கதானே?”

ஒவ்வொரு சொல்லும் அவருடையது. சோற்றோடு சோறாகப் பிசைந்து எட்டு வருடம் ஊட்டியது. அவள் உள்ளங்கை வேர்த்து வழுக்கியது. தன்னிடம் இருக்கும் பயத்தைவிட மகளிடம் இருக்கும் பயம் பெரிது என்று அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. அது அவரைக் கூடுதலாகப் பயமுறுத்தியது.

அன்று பத்து நிமிடம் படியிலேயே உட்கார்ந்துவிட்டு மேலே போய்விட்டார்கள். மறுநாளும் அப்படித்தான். மூன்றாம் நாள், இரண்டாவது மாடியில் இருக்கும் ஒரு பெண் நேராக வந்து எதிரில் நின்றாள். பத்து வயதிருக்கும். நின்ற இடத்தில் நிற்காததால் பிள்ளைகள் அவளை ராக்கெட் என்றார்கள்.

“அங்கிள், இவ ஊர்லேர்ந்து வந்திருக்காளா?”

“இல்லைம்மா. என் பொண்ணு. மூணாவது மாடிதான்.”

“நம்ம பில்டிங்கா? நான் பார்த்ததே இல்லையே!” என்று வாயில் கை வைத்தாள். “ஓடிப் பிடிச்சு ஆடறோம். வர்றியா?”

சிட்டு அப்பாவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தாள். “அப்பா வந்தா வர்றேன்” என்று அங்கிருந்து சத்தம் வந்தது.

நாற்பத்தாறு வயதில், முன்னால் தள்ளிய தொப்பையோடு எக்ஸ்ரே அண்ணன் ஆட இறங்கினார். முதல் சுற்றிலேயே பிடிபட்டார். இரண்டாவது சுற்றில் செருப்பு வார் அறுந்தது. “அங்கிள் என்ன, ரோடு ரோலர் மாதிரி வர்றீங்க!” என்று பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிட்டு முதலில் அவர் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டே ஓடினாள். நாலைந்து நாளில் சட்டையை விட்டாள். ஒரு வாரத்தில் ராக்கெட்டின் கையைப் பிடித்தாள். ஒருநாள் தடுக்கிக் குப்புற விழுந்தாள். ஓடிப்போய் மணிக்கட்டு, முழங்கை, தோள் என்று வரிசையாக அமுக்கிப் பார்த்தார். “அப்பா, விடுப்பா, நான்தான் பிடிக்கணும்” என்று உதறிவிட்டு ஓடினாள். அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை.

பன்னிரண்டாம் நாள் கண்ணாமூச்சி ஆடினார்கள். சிட்டுவே அவரிடம் வந்து, “இன்னைக்கு நீ வேணாம்பா. நீ ஒளிஞ்சா தொப்பை வெளியே தெரியுது” என்றாள். அவர் படியில் உட்கார்ந்துகொண்டார். ராக்கெட் சுவரில் முகம் புதைத்து ஐம்பது எண்ணினாள். ஒவ்வொருவராகப் பிடிபட்டார்கள். சைக்கிள் கொட்டகையிலிருந்து இரண்டு பேர், கேட்டருகே இருக்கும் வாட்ச்மேன் நாற்காலிக்குப் பின்னாலிருந்து ஒருத்தி. சிட்டுவை மட்டும் காணவில்லை.

“சிட்டு, நீ ஜெயிச்சிட்டே! வெளியே வா!” என்று ராக்கெட் கத்தினாள். பதில் இல்லை.

அவர் எழுந்தார். முதலில் நிதானமாகத்தான் தேடினார். கொட்டகை, நான்கு மாடிப்படிகள், நின்றிருந்த வண்டிகளின் அடி. கேட்டருகே வாட்ச்மேனிடம், “என் பொண்ணு வெளியே போனாளா?” என்று கேட்டார். “இல்லீங்களே. நான் இந்த இடத்தை விட்டு அசையலை. டீக்கு மட்டும் ஒரு அஞ்சு நிமிஷம் போனேன்” என்றார் வாட்ச்மேன். அந்த ஐந்து நிமிடத்தில் உலகமே நுழைந்து உலகமே வெளியேறலாம். அவர் ரோட்டுக்கு ஓடினார். வெயிலில் ரோடு காலியாகக் கிடந்தது. தூரத்தில் ஒரு வேன் திரும்பி மறைந்தது. அந்த வேனின் நம்பரைப் பார்க்காமல் விட்டோமே என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. திரும்ப உள்ளே ஓடினார்.

மோட்டார் அறைக்குப் பின்னால் போனவர் அப்படியே நின்றார்.

தரைக்கடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியின் இரும்பு மூடி திறந்து சுவரில் சாய்த்திருந்தது. தொட்டி கழுவ வந்த ஆள் குழாய் வாங்கிவரக் கடைக்குப் போயிருந்தான். சதுரமாக ஒரு கறுப்பு ஓட்டை. பக்கத்தில் சின்னதாக ஒரு ஜோடி செருப்பு. நீல நிறம். அவரே போன வாரம் வாங்கிக் கொடுத்தது.

“சிட்டு” என்று கூப்பிட்டார். உள்ளேயிருந்து அவர் குரல்தான் திரும்பி வந்தது.

அவருக்கு நீச்சல் தெரியாது. அது ஞாபகத்துக்கே வரவில்லை. சுவரில் பதித்த இரும்புப் படியில் காலை வைத்தார், வழுக்கியது, தொபுக்கென்று விழுந்தார். தண்ணீர் மார்பளவு. ஐஸ் மாதிரி குளிர்ந்தது. மேலே அந்தச் சதுர வெளிச்சம் தவிர ஒன்றும் தெரியவில்லை. கையை விரித்துத் துழாவினார். காலால் தரையைத் தடவினார். மூலைக்கு மூலை போனார். வாய் மட்டும் “ஒண்ணுமில்லைம்மா, அப்பா வந்துட்டேன், ஒண்ணுமில்லைம்மா” என்று சொல்லிக்கொண்டே இருந்தது. மூன்றாவது மூலையில் அவர் காலில் மெத்தென்று ஏதோ தட்டியது. துணி. துணிக்குள் கனமாக ஏதோ.

குனிந்து அதைப் பிடித்துத் தூக்குவதற்கு முன் இருந்த அந்த ஒரு நொடியை அவர் பிறகு யாரிடமும் சொன்னதில்லை. மனைவியிடம்கூட. தூக்கினார். சேறு அடைத்த ஒரு சாக்கு.

அதை நெஞ்சோடு அணைத்தபடி நின்றார். அப்போது எங்கோ உயரத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

“அப்பா! தண்ணிக்குள்ள என்ன தேடறே?”

படியைப் பிடித்துத் தலையை வெளியே நீட்டிப் பார்த்தார். வாதாமரத்தின் இலைகளுக்கு நடுவே, மோட்டார் அறைக் கூரைக்கும் மேலே ஒரு கிளையில், இரண்டு காலையும் தொங்கவிட்டபடி சிட்டு உட்கார்ந்திருந்தாள். மரம் ஏறத்தான் செருப்பைக் கழற்றிப் போட்டிருக்கிறாள்.

“கூப்பிட்டது கேக்கலையா உனக்கு?” கத்தினாரா அழுதாரா என்று அவருக்கே தெரியவில்லை.

“கேட்டுச்சே. ராக்கெட் ஏமாத்துவா. ஜெயிச்சிட்டேன்னு சொல்லி வெளியே வர வெச்சு அவுட் ஆக்கிடுவா. அதான் பேசாம இருந்தேன்.”

ஒரு பயம் இறங்கிய இடத்தில் அடுத்தது ஏறியது. எட்டு அடி இருக்குமா? பத்தா? கீழே சிமெண்ட் திண்டு. அந்தத் துடைப்ப நுனி எலும்பு அவர் கண்முன் வந்து நின்றது. ‘அசையாதே’ என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. அதைச் சொன்னால் இவள் கீழே பார்ப்பாள், பார்த்தால் பயப்படுவாள், பயந்தால் கை நழுவும். சொல்லை விழுங்கினார். சொட்டச் சொட்ட மரத்தடியில் போய்க் கையை ஏந்திக்கொண்டு நின்றார்.

“எப்படி ஏறினே?”

“இந்தக் கிளை, அப்புறம் அந்தக் கிளை, அப்புறம் கூரை.”

“சரி. அப்படியே இறங்கு. மெதுவா.”

இறங்கினாள். நடுவில் ஒருமுறை கால் சறுக்கி, கிளையைக் கட்டிக்கொண்டு ஆடினாள். கடைசி மூன்றடி இருக்கும்போது குதித்தேவிட்டாள். நேராக நின்றாள். முழங்கையில் சிராய்ப்பு. “நீ ஏம்பா நனைஞ்சிருக்கே?” என்று கேட்டாள். அவர் அவளைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடியும் ஏறி, கதவைச் சாத்தி, மேல் தாழ்ப்பாள், கீழ்த் தாழ்ப்பாள் இரண்டையும் போட்டார்.

சாயங்காலம் மனைவி வந்து கதவைத் தட்டியபோது அவர் இன்னும் ஈரச் சட்டையோடுதான் இருந்தார். சிட்டு பால்கனிக் கம்பியைப் பிடித்துக் கீழே பார்த்துக்கொண்டிருந்தாள். நடந்ததைச் சொன்னார். சாக்கைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. “இனிமே கீழே அனுப்ப மாட்டேன். மருந்து கொடுப்போம், மொட்டைமாடியில நடக்க வைப்போம், போதும்” என்றார்.

அவள் டிக்கெட் பையைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். அதிசயமாக, குரலை உயர்த்தாமல் பேசினாள்.

“எனக்கு மட்டும் பயமில்லைன்னு நினைச்சீங்களா? படிக்கட்டுல தொங்கிட்டு வர்ற பசங்களைத் தினமும் பார்க்கிறேன். ஒவ்வொருத்தனும் இறங்கிற வரைக்கும் எனக்கு உயிர் உயிரா இருக்காது. அதுக்காக பஸ்ஸை டிப்போவுலயே நிறுத்தி வெச்சுட முடியுமா?”

“அது வேற, இது வேற.”

“ரெண்டும் ஒண்ணுதாங்க. மூடியைத் திறந்து போட்டவனைக் கேளுங்க. அதுக்கு ஒரு பூட்டுப் போடுங்க. அதை விட்டுட்டு இவளைப் பூட்டினா எப்படி?” கொஞ்சம் நிறுத்தினாள். “பயப்படாதீங்கன்னு நான் சொல்லலை. நீங்க பயப்படாம இருக்க மாட்டீங்க, எனக்குத் தெரியும். பயந்துக்கிட்டே கதவைத் திறங்க.”

மறுநாள் காலை ஏழு மணிக்கே வெல்டர் வந்தார். தொட்டி மூடிக்குக் கொக்கி வைத்து, கைப்பிடி அளவு பூட்டுப் போட்டார்கள். சாவி வாட்ச்மேனிடம் ஒன்று, அவரிடம் ஒன்று. மோட்டார் அறைக் கூரையில் துருத்திக்கொண்டிருந்த கம்பிகளை வெட்டச் சொன்னார். சிமெண்ட் திண்டைச் சுற்றி நாலு கூடை மணல் கொட்டினார். தொட்டி கழுவ வந்த ஆளைப் பிடித்து அரை மணி நேரம் பேசினார். அவன் காதைப் பொத்திக்கொள்ளாத குறை. எல்லாம் முடிந்து பத்து மணி ஆனது. கை தாழ்ப்பாள்மேல் இருந்தது. சிட்டு செருப்பைப் போட்டுக்கொண்டு தயாராக நின்றாள்.

“திறப்பா.”

திறந்தார். தடதடவென்று அவள் இறங்கும் சத்தம் கேட்டது. மூன்று மாடியையும் நிற்காமல், நடுவில் எங்கும் உட்காராமல்.

லீவு முடிந்து அவர் வேலைக்குத் திரும்பினார். ஜன்னலில்லாத அறையில் உட்கார்ந்துகொண்டு பகலெல்லாம் அவருக்குக் காது வராந்தாப் பக்கம்தான். ஸ்ட்ரெச்சர் சக்கரம் கிறீச்சிடும் ஒவ்வொரு முறையும் முதலில் பாதத்தைப் பார்ப்பார், பிறகுதான் முகத்தை. நீலச் செருப்பு இல்லை என்று தெரிந்த பிறகே சீட்டை வாங்குவார். மூன்றாம் மாதம் சிட்டுவுக்கு மறுபடி படம் எடுத்தார். எலும்பு முனையில் மெல்லிசாக ஒரு வெள்ளைக் கோடு விழுந்திருந்தது. கால் வளைவு நிமிர இன்னும் ஒரு வருடமாவது ஆகும் என்றார் டாக்டரம்மா. அவருக்கு மனம் கொஞ்சம் இறங்கியது, முழுக்க இறங்கவில்லை.

இப்போதும் வேலை விட்டு வரும்போது கேட்டுக்கு வெளியிலேயே ஒரு நிமிடம் நின்று, கத்தல்களுக்கு நடுவே அவள் குரலைத் தேடிப் பிடிப்பார். அது கிடைக்கும்வரை உள்ளே வரமாட்டார். ஒருநாள் விளக்கு வைக்கும் நேரம் தாண்டியும் ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. சிட்டு எங்கோ மேலே, இலைகளுக்குள் இருந்தாள். முழங்கால் இரண்டும் மண், தலையெல்லாம் சருகு.

“இருட்டிடுச்சு, வாம்மா.”

“இன்னும் ஒரே ஒரு ஆட்டம்பா.”

அவர் கிளையை ஒருமுறை, கீழே இருந்த சிமெண்ட் திண்டை ஒருமுறை பார்த்தார். “சரி, ஒண்ணே ஒண்ணு” என்று சொல்லிவிட்டு மணலுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார்.